துரையின் காடி

ஈப்போ துணிக்காரர் நஜ்முதீன் ராவுத்தருக்குத் தோட்டந்தோறும் மூட்டை சுமந்து கழுத்தே போய்விட்டது. ஒரு தோட்டத் துரை கழித்துவிட்ட சின்ன மோட்டார்க் காடியை வாங்கினார். அந்தச் சனியன் மேட்டில் முக்கும், மழையில் நின்றுவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

அதே தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் போய் ஹாரனை அடித்தார். வாசலில் இருந்தவர்களெல்லாம் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“நாந்தான், துணிக்காரன். எதுக்கு ஓடுறீங்க?” என்று கத்தினார்.

காளியம்மா மட்டும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

“தொரை காடி சத்தம்லா கேட்டுச்சு. தொரை வந்தா யாரு வெளிய நிப்பா?”

அன்று ஒரு முழத் துணிகூடப் போகவில்லை.

மறுவாரம் காடியைத் தோட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். லயமே கூடிவிட்டது. காளியம்மா சேலையைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்:

“காடி இருக்கையில ஏன் ராவுத்தரே நடந்து வாரீங்க?”