தொதல் வாங்காத எம்.பி.யிடம் ஒரு கேள்வி

எங்கள் தொகுதி எம்.பி. என் தம்பியைச் சாகவிடத் தயாராக இருந்தார். அவருக்கு என் தம்பியைத் தெரியாது என்பது எனக்குச் சமாதானம் இல்லை. தெரியாத ஆட்களின் தலைக்கு மேலே நடக்கப்போகும் சண்டைக்குத்தானே அவர் கை தூக்கினார்.

இங்கே அவரைக் 'காங்கிரஸ்மன்' என்பார்கள். இலங்கையில் என் ஊரான சாய்ந்தமருதில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக நான் எம்.பி. என்றே எழுதுகிறேன். அவருடைய அலுவலகம் நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் பொலிஸ் இல்லை, ஜீப் இல்லை, மனுக் கொடுக்க நிற்கும் சனம் இல்லை. உலகத்தில் எங்கே குண்டு போடலாம், எங்கே நிறுத்தலாம் என்று வாக்களிக்கிற மனிதரின் கதவில் 'தள்ளவும்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. அமெரிக்காவுக்கு வந்து பதினொரு வருடம் ஆகியும் இந்தக் கதவு எனக்குப் பழகவில்லை.

அங்கே நான் போகக் காரணம் என் தம்பி அன்சாரின் மனைவி ரிஸானா. அன்சார் ஒரு வளைகுடா நாட்டில் சலவை நிலையத்தில் வேலை செய்கிறான். அங்கே வெளுப்பது பெரும்பாலும் பக்கத்தில் உள்ள அமெரிக்கப் படைமுகாமின் கட்டில் விரிப்புகள். சண்டை தொடங்கி அந்த முகாமை நோக்கி ரொக்கட் வரத் தொடங்கியதும் வேலையாட்களை உள்ளே விட்டுச் சலவை நிலையத்தின் கேற்றைப் பூட்டினார்கள். விமான நிலையத்தையும் மூடினார்கள். பிறகு அவனுடைய போனும் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் ரிஸானா ஊரிலிருந்து போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், நீங்க அந்த நாட்டாள்தானே? உங்கட எம்.பி.ட்ட போய்க் கதைங்களன்."

"இஞ்ச அப்பிடியெல்லாம் இல்ல, ரிஸானா."

"எப்பிடி இல்ல? வோட்டுப் போட்டுட்டு நெஞ்சில ஸ்டிக்கர் ஒட்டிப் படம் அனுப்பினீங்களே, அது என்னத்துக்கு? அழகுக்கா?"

அந்த ஸ்டிக்கர் படத்தை நான் ஊர் முழுக்க அனுப்பியிருந்தேன்.

"பள்ளிவாசல் கடிதத்தோட போங்க. வெறுங்கையோட போகாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

ரிஸானா சொன்ன முறை எனக்குத் தெரிந்த முறைதான். சுனாமிக்குப் பிறகு நாங்கள் அகதி முகாமில் கிடந்தபோது, தோணிக்கு இஞ்சின் கேட்டு வாப்பா எம்.பி. வீட்டுக்குப் போனார். விடிகாலையில் சுபஹ் தொழுத கையோடு போய்விட வேண்டும். பிந்தினால் ஆள் கொழும்புக்குக் கிளம்பிவிடும். கையில் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம், கமக்கட்டில் ஒரு பார்சல். பார்சல் உள்ளே போனால் காரியம் நடக்கும், திரும்பி வந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். வாப்பாவின் பார்சல் உள்ளே போனது. இஞ்சின் ஒரு வருடம் கழித்து வந்தது. அதுவரை எங்களுக்குக் கூரை ஒரு பிளாஸ்டிக் தறப்பாள். அதில் அமெரிக்கக் கொடியும், அந்த நாட்டு மக்களின் அன்பளிப்பு என்ற வரியும் அச்சடித்திருந்தது. குழந்தையாக இருந்த அன்சார் அதன் கீழேதான் தூங்கினான். அதற்குப் பார்சல் கொடுக்கவில்லை, கடிதம் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே நான் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். அலுவலகம் ஒன்பதுக்குத்தான் திறந்தது. இரண்டு மணித்தியாலம் நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன. உள்ளே ஓர் இளம் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. இங்குள்ள பள்ளிவாசல் இமாமிடம் நான் வாங்கிய கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"நான் நல்லவன் என்பதற்கு."

"நீங்கள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லையே!"

பிறகு தம்பியின் விபரம் கேட்டு எழுதினாள். அவர் அமெரிக்கப் பிரஜையா? இல்லை. இங்கே வதிவிட உரிமை உள்ளவரா? இல்லை. எங்கள் தொகுதியோடு ஏதாவது தொடர்பு உண்டா?

"உங்கள் படையின் கட்டில் விரிப்பைத் துவைக்கிறான்," என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். வெளிநாட்டுப் பிரஜைக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் கருத்தைப் பதிவு செய்கிறேன் என்றாள். நான் பார்சலை எடுத்து மேசையில் வைத்தேன். ரிஸானா பெருநாளைக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டி அனுப்பிய தொதல். கறுப்பாக, எண்ணெய் மினுங்க இருந்த அந்தக் கட்டியைப் பார்த்ததும் கதிரையைப் பின்னால் தள்ளினாள். பயப்படாதே என்று நானே ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று காட்டினேன். அன்பளிப்பு வாங்க அனுமதி இல்லை என்று அதை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். நேர்மையான ஊர். ஆனால் எனக்குத் தெரிந்தது வாப்பாவின் கணக்கு மட்டும்தான். பார்சல் திரும்பி வந்துவிட்டது, இனி அன்சார் இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒன்பதாம் நாள் சண்டை நின்றது. எனக்காக இல்லை. இந்த நாட்டின் தலைவர் சண்டை முடிந்தது என்று போனில் ஒரு வசனம் எழுதிப் போட்டார், நின்றது. நான் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் ஊர்க் குரல்.

"காக்கா, சாப்பிட்டயா?"

"நீ எங்கடா இரிக்காய்? உசிரோட இரிக்கயா?"

"செத்தவன் போன் எடுப்பானா? நல்லா இரிக்கன். ஒன்பது நாளா படுத்துக் கிடந்து முதுகுதான் நோகுது. வெளுக்கக் கிடக்கிற துணியப் பாத்தா, ரொக்கட்டே பரவாயில்ல."

இவ்வளவு பெரியவன் நான் ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடியே விம்மினேன். கூட வேலை செய்யும் கிழவர் டேவ் ஓடி வந்தார். நான் அழுவதையும் சிரிப்பதையும் பார்த்துவிட்டு, "என்ன, உங்கள் அணி வென்றுவிட்டதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என் தோளில் தட்டினார். எம்.பி. அலுவலகம் வாங்காமல் என் காரிலேயே கிடந்த தொதலை அன்றைக்கு அங்கே வேலையில் நின்ற எல்லாரும் தின்று முடித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், அன்று முழுக்க எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு சொல்லே இல்லை. இன்றும் அவன் குரலைக் கேட்டால் நெஞ்சு லேசாகிறது.

கோபம் அடுத்த கிழமை தபாலில் வந்தது. எம்.பி.யின் கடிதம். என் கருத்துக்கு நன்றியாம். உலக ஒழுங்கைக் காப்பதில் நமது நாட்டுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறதாம். 'நமது' என்ற சொல்லில் நானும் இருக்கிறேன். வரி கட்டுகிறேன், வாக்குப் போட்டேன், இந்த ஆளுக்குத்தான் போட்டேன். அந்த ஒழுங்குக்குக் கீழே இரண்டடுக்குக் கட்டிலில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தவன் என் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே வாப்பா. தறப்பாள் தந்ததும் நீங்கள்தான், எம்.பி. அவர்களே, நான் மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் நகர நூலகத்தில் நீங்கள் மக்களைச் சந்திக்கிறீர்கள். அதே வெள்ளைச் சேர்ட்டோடு முதல் வரிசையில் இருப்பேன். கடிதமும் இல்லை, தொதலும் இல்லை. ஒரு வசனத்தில் நிற்கக்கூடிய சண்டை என்றால், அந்த வசனத்தை முதல் நாளே சொல்லச் சொல்லி நீங்கள் ஏன் எழுந்து நிற்கவில்லை? தபாலில் பதில் வேண்டாம். மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். மறுமுனையில் அன்சார் கேட்டுக்கொண்டிருப்பான்.