மேல் லயத்துத் தாத்தாவுக்கு அடித்த மணி

அப்பா இறந்த அன்றைக்குத்தான் அக்காவுக்கு வெளிநாட்டில் ஜூடோ போட்டி. பல தேசத்துப் பெண்கள் வந்திருந்த பெரிய போட்டி. சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டில் ஜூடோ என்றால், சட்டையைப் பிடித்து ஆளைக் கவிழ்ப்பது என்ற அளவுக்குத்தான் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு விடுதியில் முதலில் அடிபடாமல் விழத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அக்கா சொன்னபோது அப்பா கேலி செய்தார். "விழுறதுக்கு எதுக்குட்டி பள்ளிக்கூடம்? ஏலக்காட்டுச் சரிவுல நாங்க தெனமும் விழுதோம்லா." ஆனாலும் அவளை விடுதியில் சேர்க்கச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றவர் அவர்தான். அவர் குரலைக் கேட்காமல் அவள் எந்தப் போட்டிக்கும் போகமாட்டாள்.

விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஜீப் வருவதற்குள் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த அழுகைக்கு நடுவில் சித்தப்பா ஒருவர்தான் அக்காவை நினைத்தார். போட்டி முடிகிறவரை அவளுக்குத் தெரியக்கூடாது என்று தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். வாட்ஸ்அப்பில் யாரும் போடக்கூடாது, பங்குச் சாமியாரும் வாய் திறக்கக்கூடாது. "தெரிஞ்சா அங்கனயே ஒடிஞ்சு போவா. அவ ஜெயிக்கணும்னுதான எங்கண்ணன் கெடந்து தவிச்சாரு" என்று சொல்லும்போதே அவருக்கும் குரல் உடைந்துவிட்டது.

முந்தின ராத்திரி அப்பாவிடம் பேசிவிட்டுப் போட்டிக்கு இறங்கிய அக்கா ஒரு சுற்றில் தோற்றுவிட்டாள். வெண்கலத்துக்கு ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. தோற்றதால் அதற்கு முன்னால் அப்பாவை மறுபடி போனில் கூப்பிடுவாள் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். பெரியவர்கள் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என் முகத்தைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் கவுனை மாட்டி, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எங்கே என்று கேட்டால், ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறார், அங்கே சிக்னல் இல்லை என்று சொல்ல வேண்டும். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளை உடுப்போடு அக்கா திரையில் வந்தாள். நான் பிசகாமல் ஒப்பித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதுதான் கீழே எங்கள் மாதா கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. ஊர் வாயையெல்லாம் அடைத்த சித்தப்பாவுக்கு, மணி அடிக்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லத் தோன்றவில்லை. சாவு விழுந்தால் அடிக்கும் மணி, எங்களுக்கு அவ்வளவு பழகிப்போன சத்தம்.

"ஏட்டி, மணி அடிக்குதே. யாரு தவறிட்டாங்க?"

இதற்குச் சித்தப்பா பாடம் சொல்லித்தரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்தவர்களிலேயே ரொம்ப வயதானவர், மாரியம்மன் கோயில் திருவிழாவில் எங்களுக்கெல்லாம் கை நிறையச் சுண்டல் தரும் மேல் லயத்துத் தாத்தா. நல்ல மனுஷன். அவரைச் சாகடித்தேன்.

"மேல் லயத்துத் தாத்தா, அக்கா."

மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

"சரிட்டி. நீ அழாம அம்மா கூடவே இரு, என்ன?" என்றாள். நான் அழவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பாறையில் நின்றபடியே சித்தப்பாவும் நானும் ஆட்டத்தைப் பார்த்தோம். அக்கா ஜெயித்தாள். ஜூடோவில் வெண்கலம் இரண்டு பேருக்கு உண்டு. இன்னொரு வெண்கலக்காரி பதக்கத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. "தங்கம் போச்சேன்னு வருத்தப்படுதா" என்றார் சித்தப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் வரும்வரை அப்பாவை அடக்கம் செய்யாமல் வைத்திருந்தார்கள். கொச்சியில் இறங்குகிறவளிடம் பக்குவமாகச் சொல்லச் சித்தப்பா என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் "அடக்கம் எப்போ, சித்தப்பா?" என்று அவளே கேட்டாளாம். இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மேல் லயத்துத் தாத்தா மாலையோடு வந்தபோது, நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். அக்கா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பதக்கம் என் சாமர்த்தியத்தால் வந்தது என்றுகூட வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அந்தத் தாத்தா நிஜமாகவே இறந்துபோனார். கொட்டும் சங்குமாக ஊர்வலம் எங்கள் கோயிலைத் தாண்டிப் போயிற்று. மணி அடிக்கும் என்று வாசலில் நின்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அது எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்கள் சாவுக்கு மட்டும் அடிக்கிற மணி. எஸ்டேட்டில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை; அதற்குப் பிறகு அந்த மணியையும் என் பொய்யையும் சேர்த்து யோசித்ததும் இல்லை. அக்காவுக்குத் தெரியும். மணி எங்கள் ஆள் ஒருவருக்கு அடிக்கிறது, தங்கை பொய் சொல்கிறாள், அப்பா போனுக்கு வரவில்லை. அதற்கு மேல் அவளுக்கு யார் என்ன சொல்ல வேண்டும்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் அன்றைக்குப் போய் நின்று, எதிரே நின்றவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லியிருக்கிறாள்.