வெயில் காணாத பச்சை

சாபினா கோல்க்கேயின் வேலை கல்லை உடைப்பது. அவளுடைய வியாதி, கல்லை உடைக்க மனசு வராதது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஆள் உருப்படுமா?

ஒருரோ மலைகளில், சான் ஹாசின்தோ சுரங்கத்தின் வாய்க்குக் கீழே ஒரு கல்மேடு உண்டு. ஆண்கள் உள்ளே வெடி வைத்துத் தகர்த்து, வெள்ளீயம் இருக்கிற கல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கே கொட்டுவார்கள். அந்த மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி, ஒட்டியிருக்கிற ஈயத்தைப் பொறுக்குவது புருஷன் செத்த பெண்களுக்கு விட்ட வேலை. சாபினாவின் புருஷன் பாறை சரிந்து செத்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயசு. இப்போது நாற்பத்தேழு. பதினாறு வருஷமாக அதே மேட்டில், முகத்தைத் துணியால் சுற்றி, பசி மறக்கக் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

மற்ற பெண்கள் கல்லை ஒரு தடவை புரட்டிவிட்டு ஒரே போடாகப் போடுவார்கள். இவள் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பக்கத்தில் உட்காருகிற பாவுலினாவுக்குப் பொறுக்காது.

"ஏண்டி, கல்லு பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?"

"மாப்பிள்ளையை இவ்வளவு நேரம் பாத்திருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்."

வீட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்து, பிடித்த கல்லையெல்லாம் அதில் வைத்திருந்தாள். தங்கம் மாதிரி பொய் மின்னல் மின்னுகிற கட்டம் கட்டமான கல், ஊசி ஊசியாக நிற்கிற வெள்ளைப் படிகம், கருப்பட்டித் துண்டு போல மினுங்குகிற ஈயக்கல். பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றுகூட முழுசில்லை. வெடியில் சிதறி, தள்ளுவண்டியில் உருண்டு, மேட்டில் விழுந்து வந்த கல்லுக்கு மூக்கும் முழியும் எங்கே இருக்கும்? நுனி போயிருக்கும், இல்லையென்றால் பாதி போயிருக்கும். மிச்சப் பாதியை மனசுக்குள் ஒட்டவைத்துப் பார்த்துக்கொள்வாள்.

அதிலும் மோசம் அந்தப் பச்சைக் கல். மேட்டில் வாரக்கணக்கில் கிடந்து அவள் கைக்கு வரும்போது அது அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். சில துண்டில் ஓரமாகக் கொஞ்சம் நீலம் தெரியும், அவ்வளவுதான். அது பச்சை என்று சொன்னவன் அவளுடைய கொழுந்தன் நிக்கானோர். உள்ளே வேலை செய்கிறவன்.

"பொந்துக்குள்ள நிக்குது மதினி, விரல் விரலா. விளக்கைக் காட்டினா பாசிக்குளம் கணக்கா அந்தப் பக்கம் தெரியுது."

"பின்ன ஏன்யா எனக்கு மட்டும் கரியா வருது?"

அவள் தொல்லை தாங்காமல் ஒரு நாள் சோற்றுத் துணியில் சுற்றி ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தான். நீலப் பச்சையாக இருந்தது. சந்தோஷத்தில் அதை ஜன்னலோரம் வைத்தாள். எட்டாம் நாள் அதுவும் கரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: வெயில்தான் இதற்கு எமன். இருட்டில் இருக்கிறவரை பச்சை, வெளிச்சத்துக்கு வந்தால் கருப்பு. உள்ளே இருக்கிற ஆண்கள் அதைப் பச்சையாகப் பார்க்கிறார்கள். ஆனால் பார்க்கத் தெரியாது. பார்க்கத் தெரிந்த அவளோ பதினாறு வருஷமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே போய், அது நிற்கிற இடத்திலேயே முழுசாகப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் பெண்பிள்ளை சுரங்கத்துக்குள் காலெடுத்து வைத்தால் பூமித்தாய்க்குப் பொறாமை வந்து ஈய நரம்பை இழுத்து ஒளித்துக்கொள்வாள் என்பது சான் ஹாசின்தோக்காரர்களின் நம்பிக்கை. வேறு சுரங்கங்களில் பெண்கள் துளையே போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். "அதான் அங்கெல்லாம் ஈயம் இல்லை," என்றார் மேஸ்திரி தேமெத்ரியோ.

நாலு வருஷம் கேட்டாள். கடைசியில் ஒரு காரியம் செய்தாள். காலையில் ஆண்கள் உள்ளே போகிற நேரத்துக்குச் சுரங்க வாயிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கருப்புப் பாவாடை, கருப்புச் சால்வை. போகிற ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லி வழியனுப்பினாள்.

"போய்ட்டு வாப்பா. என் புருஷனும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே போனாரு."

பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, தேமெத்ரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தாயே, திங்கக்கிழமை வந்து பாத்துத் தொலை. உள்ள இருக்கிற மாமனுக்கு ஒரு பாட்டில் சாராயமும் சிகரெட்டும் கொண்டா. இனிமே வாசல்ல உக்காராதே."

மாமன் என்பது சுரங்கத்துக்குள் இருக்கிற கொம்பு வைத்த களிமண் சாமி. அவருக்கு வேண்டியதை வாங்கினாள். நிக்கானோரின் பழைய பூட்ஸைத் துணி திணித்து மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை போனாள். தேமெத்ரியோவும் நிக்கானோரும் மற்ற ஆட்களும் கூடவே வந்தார்கள். குனிந்து, தவழ்ந்து, இரண்டு ஏணி இறங்கி, மாமன் வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து, சாராயத்தைக் காலடியில் ஊற்றி, இன்னும் கொஞ்சம் தவழ்ந்து போனால் பொந்து. பானையைத் தலை குப்புறக் கவிழ்த்தது போல, ஆள் தோள் நுழைகிற அளவு. நெற்றி விளக்கை உள்ளே நீட்டினாள்.

மொட்டை. வழித்து எடுத்த அடுப்பு மாதிரி இருந்தது. சுவரெங்கும் பல் பிடுங்கின இடம் மாதிரி குழி குழியாகத் தடம்.

"எங்கேய்யா?" என்றாள்.

நிக்கானோர் தலையைச் சொறிந்தான்.

"மதினி, கோவப்படாதே. நீ வந்தா பூமித்தாய் எல்லாத்தையும் ஒளிச்சுக்குவான்னு பயந்து வெள்ளிக்கிழமையே நாங்க எடுத்துட்டோம். உனக்காகத்தான்! ஒண்ணு விடாம கழுவி, வெளிய கொட்டகைத் தகரத்து மேல அழகா வரிசையா அடுக்கி வச்சிருக்கோம்."

"தகரத்து மேல."

"ஆமா."

"வெயில்ல."

"காயணும்ல?"

சாபினா அந்தச் சுரங்கம் அதுவரை கேட்டிராத வார்த்தைகளைச் சொன்னாள். தேமெத்ரியோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நாலு நாள் வெயில், அதுவும் அந்த உயரத்து வெயில்! நாலு வருஷம் சொன்னேனே, வெயில் ஆகாது, வெயில் ஆகாதுன்னு, காதுல என்ன வெடிமருந்தா அடைச்சு வச்சிருக்கீங்க என்று கத்தினாள்.

கத்தி முடித்துவிட்டு மறுபடியும் பொந்துக்குள் தலையை விட்டாள். கடப்பாரை எட்டாத பின்பக்க இடுக்கில் ஒன்று மிச்சம் இருந்தது. சுண்டுவிரல் நீளம். நுனியில் கடப்பாரை பட்டு உடைந்திருந்தது. ஆனால் பச்சை. கள்ளிப் பச்சையும் இல்லை, பாட்டில் கண்ணாடியும் இல்லை. அவளுக்கு உவமை சொல்லத் தெரியவில்லை. விளக்கை இந்தப் பக்கம் ஆட்டினால் வெளிறியது, அந்தப் பக்கம் ஆட்டினால் ஆழமானது. நுனி மட்டும் முழுசாக இருந்திருந்தால்! கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த உடைந்த நுனியே கண்ணை உறுத்தியது.

"அக்கா, அதையும் பேத்துத் தரவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கடப்பாரையை எடுத்தான்.

"தொட்டே, கை இருக்காது."

வெளியே வந்து தகரத்தைப் பார்த்தாள். நாற்பது, ஐம்பது இருக்கும். பெரிசு சின்னதாக, நுனி கெடாமல், நிஜமாகவே அழகாக அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் கரி. சிலது சூட்டில் ஏடு ஏடாகப் பிளந்திருந்தது. பதினாறு வருஷத்தில் அவள் பார்த்த முதல் முழுக் கற்கள் அவைதான். ஒன்றை எடுத்தாள், தொப்பென்று போட்டாள், மேட்டுக்குப் போய்ச் சுத்தியலைப் பிடித்தாள். அன்றைக்கு அவள் உடைத்த வேகத்தில் பாவுலினா நாலடி தள்ளி உட்கார்ந்தாள்.

ஈயம் ஒளிந்ததா என்றால், இல்லை. அடுத்த வாரமே இரண்டு விரல் அகல நரம்பு ஒரு சாண் அகலமானது. உடனே தேமெத்ரியோ மறுபடியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார்.

"அம்மாடி, கீழ இன்னொரு சுரங்கவழி இருக்கு. அதுலயும் ஒரு நடை நடந்துட்டு வாயேன். உன் கால் ராசி."

"அன்னிக்கு என் கால் தரித்திரம், இன்னிக்கு ராசியா? சரி, வரேன். ஆனா இனிமே எந்தப் பொந்து திறந்தாலும் நான் பாக்குறவரைக்கும் ஒருத்தன் கை படக்கூடாது. மாமன் மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார்கள். அதற்குப் பிறகு மூன்று பொந்து திறந்தது. முதலாவதை மறந்துபோய் வெடி வைத்துவிட்டார்கள். இரண்டாவதைச் சொல்லியனுப்பினார்கள், அவள் போய்ச் சேருவதற்குள், அக்காவுக்கு ஏறி இறங்கக் கஷ்டமாச்சே என்று ஒரு நல்லவன் கல்லையெல்லாம் பேர்த்து எதிரே கொண்டுவந்தான். மூன்றாவதை யாரும் தொடவில்லை. எட்டுப் பேர் சுற்றிக் காவல் நின்று, பெருமையாக அவளுக்கு வழிவிட்டார்கள். விளக்கை நீட்டிப் பார்த்தாள். வெள்ளைப் படிகம். அவள் வீட்டுப் பலகையில் நாற்பது கிடக்கிற அதே வெள்ளைப் படிகம்.

எட்டு முகமும் அவள் வாயையே பார்த்தன.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் சாபினா, பல்லைக் கடித்துக்கொண்டு.