மூன்றாவது விளக்கு

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரைச் சரியான கஞ்சர் என்றுதான் நினைத்தேன். அரிக்கேன் விளக்குக்குச் சீமெண்ணெய் ஊற்ற என்னை விடமாட்டார். பொழுது சாய்ந்து, மகரிபுத் தொழுகை நேரத்தில் நான் விளக்கை ஏற்றியதும் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். படுப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை ஆட்டுவார். "இது என்ன தேங்காயா, ஆட்டி ஆட்டிப் பாக்குறீங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அப்போதுதான் சொன்னார்.

யுத்த காலத்தில் மதராஸ் பக்கம் ஒரு ஏரியில் பட்டாளத்துக்கு வேலை பார்த்தவர் இவர். அங்கே விமானங்கள் தண்ணீரிலேயே இறங்குமாம். இரவில் வழி தெரிய, மூன்று படகுகளில் விளக்கு வைத்து ஏரி நடுவே வரிசையாக நிறுத்துவார்கள். எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டுக் கரைக்குத் திரும்புவது இவர் பொறுப்பு. ஓர் இரவு இறங்க வந்த விமானம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மூன்றாவது விளக்குக்கு எண்ணெய் ஊற்றினோமா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் இவருக்கு நினைவு வரவில்லை. விடிந்தால் விசாரணை என்றார்கள். விடிவதற்குள் இவர் ரயிலேறிவிட்டார்.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை போட்டு நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் அடுப்படிக்குள் போய்விடுவார். தபால்காரருக்குக்கூட நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சிரிப்பு வரும். தொழுகை முடிந்தும் அவர் கையேந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பு வராது.

பழனிக்குப் போகும்போது எங்கள் கடையை ஏறிட்டும் பார்க்காதவர்கள், திரும்பும்போது மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர் இலையில் கை வைக்காமல் கல்லாவில் இருந்த இவரையே பார்த்தார். மொட்டைத் தலையில் இவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஏரியில் கூட வேலை பார்த்தவன் என்று அவரே சொன்னதும் இவர் முகம் வெளுத்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

ஏன் சொல்லாமல் ஓடிப்போனாய் என்று வந்தவர் கேட்டார். இவர் மூன்றாவது விளக்கைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"காலையில போய் அதை அணைச்சதே நான்தாம்ப்பா. பாதி எண்ணெய் மிச்சம் இருந்துச்சு. விமானம் விளக்குகிட்டயே வரல. மூடுபனியில தாழப் பறந்து, கரைத் தோப்புல இடிச்சிருச்சு. விசாரணையில உன் பேரையே யாரும் கேக்கல."

இவர் அடுப்படிக்கு வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷம் வீணாகப் பயந்து செத்த மனுஷர் மேல் கோபமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாடா என்றிருந்தது. வந்தவர் இலையில் நானே இன்னும் நாலு துண்டு கறி வைத்தேன்.

அன்று மகரிபுக்கு விளக்கை ஏற்றினேன். இவர் அதைத் தொடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுடர் மங்கி, விளக்கு அணைந்துவிட்டது.

"எண்ணெய் ஊத்தலயா?" என்றேன்.

இருட்டில் அவர் சோறு பிசைகிற சத்தம் நிற்காமல் கேட்டது.

"மறந்துட்டேன்" என்றார். "சாப்பிடு, செத்த நேரம் கழிச்சு ஊத்திக்கலாம்."