மங்களம் இல்லாத கச்சேரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். வேலையில்லாதவர்கள் பேச்சு அது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் மந்திரம், தாயத்து என்று யாரிடமும் போய் நின்றதில்லை. இதைப் படித்து நீங்கள் நம்ப வேண்டும் என்றும் இல்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோபம் முதலில் என் மகன் மேல்.

என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தவர். கையில் காசு இருந்தால் கச்சேரி சிடி வாங்கிவிடுவார். ஸ்ரீவராகத்தில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் துணி வைக்க அலமாரி இல்லை, சிடிக்கு மூன்று அலமாரி. எனக்குப் பாட்டு பிடிக்காது. ராகம் தெரியாது. தெரிந்தது மங்களம் ஒன்றுதான். கச்சேரி போட்டு உட்கார்ந்துவிட்டால், மங்களம் பாடி முடியாமல் அவர் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். அடுக்களையில் அது காதில் விழுந்ததும் நான் சோறு போடுவேன். கல்யாணம் ஆனதில் இருந்து அப்படித்தான்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மத்தியானம் கட்டிலில் சாய்த்து வைத்துக் கச்சேரி போட வேண்டும், மங்களம் கேட்ட பிறகுதான் வாய் திறப்பார். அதற்கு முன்னால் கரண்டியைக் கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொள்வார். சர்க்கரை வியாதியும் உண்டு. பட்டினி போட்டால் மயங்கிவிடுவார், இந்த நிலைமையில் மயங்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் வந்தவன் சிடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்தான். மீடியா சர்வர் என்றான். படத்தைத் தொட்டால் பாட்டு வரும், அங்கே இருந்துகொண்டே நான் அடுக்கிக் கொடுப்பேன் என்றான். நல்லதுதானே என்று நினைத்தேன். பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனைக் கூப்பிட்டு சிடி அத்தனையும் சாக்கில் கட்டிக் கொடுத்தான். அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை.

அவன் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் கச்சேரி முடிந்தது, மங்களம் வரவில்லை. கடைசிப் பாட்டு, கைதட்டல், அத்தோடு நின்றுவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டு போனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார். வேறு கச்சேரி போட்டேன். அதிலும் இல்லை. எதிலுமே இல்லை. மகனுக்குப் போன் போட்டேன்.

“அது டூப்ளிகேட் அல்லேம்மா? ஒரே பாட்டு எல்லா ஆல்பத்திலயும் கெடக்கு. சாஃப்ட்வேரே காட்டிக் குடுத்துது. ஒண்ணு வச்சிட்டு பாக்கிய டிலீட் பண்ணியாச்சு.”

“யாருட்ட கேட்டுட்டுடே பண்ணுன?”

“இதுக்கெல்லாம் கேக்கணுமா? ஒரே பாட்டு இத்தற தடவை எதுக்கு?”

“நீயும் ஒரே சோத்தத்தான இத்தற தடவை திங்க. ஒருநேரம் தின்னுட்டு பாக்கிய நிறுத்திரு.”

“கத்தாதம்மா. மிச்சம் ஒண்ணு இருக்குல்லா, அதப் போடு. அப்பாக்கு என்ன தெரியப் போகுது?”

போட்டேன். அது ஒரு அம்மாள் பாடினது. இவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கிழவரின் கச்சேரி. குரல் வந்ததுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எந்த வேளைக்கும் வாய் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கன்னத்தோரமாக ஊற்றினேன், தலையணைதான் குடித்தது. மறுநாள் காலையில் கை சில்லென்று வேர்த்திருந்தது. உதட்டை விலக்கிச் சர்க்கரையைத் தடவினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் மூக்கில் குழாய் போடுவார்கள். குழாய் போட்ட என் மாமனார் அப்புறம் வீட்டுக்கு வரவே இல்லை.

அன்று மத்தியானம் அந்தக் கிழவரின் கச்சேரியையே திரும்பவும் போட்டேன். வேறு என்ன செய்ய. வெளியே மழை. மகன் போனில் இருந்தான், நான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். வழக்கமாக அங்கே நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. தம்புரா ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது. ஒரு குழந்தை சிணுங்கியது. சபையில் ஆட்கள் எழுந்து போகாமல் எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

“இது நிக்க மாட்டேங்குதுடே,” என்றேன்.

“இல்லம்மா, இங்க ஒண்ணும் ஓடலன்னுதான் காட்டுது.” எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. “அங்க என்ன சத்தம்? யாரெல்லாம் வந்திருக்கா?”

சுவிட்சை அணைத்தேன். பெட்டியில் விளக்கு அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், தம்புரா நிற்கவில்லை. மறுபடியும் யாரோ இருமினார்கள்.

பயந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆயுசு முழுக்க இந்த மனிதரை உட்கார்த்தி வைத்தது இந்தக் கூட்டம்தானே. என் சோறு எத்தனை நாள் ஆறிக் கிடந்திருக்கும். பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

“எதுக்கு எல்லாரும் இன்னும் இருந்துகிட்டு இருக்கிய? பாடி முடிச்சுத் தொலைங்க. இந்த மனுசன் சோறு திங்கணும்.”

இருமல் நின்றது. குழந்தை நின்றது. ஒரு சபையே திரும்பி என்னைப் பார்த்த மாதிரி அப்படி ஒரு அமைதி. பிறகு அந்தக் கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மங்களம் எடுத்தார்.

இவர் வாய் திறந்தது. நான் பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. பிளக்கைக் கீழே போட்டுவிட்டு ஊட்டினேன். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். போனில் மகன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. அந்தக் கச்சேரியில் கடைசியாக ஒரு பாட்டு புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறதாம். நீ ஏற்றினாயா என்று கேட்டான். எனக்குப் போனைச் சார்ஜில் போடவே தெரியாது.

“அம்மா, இந்தக் கச்சேரிக்கு நீ எப்பம் போன?”

நான் எந்தச் சபாவுக்கும் போனதில்லை. அது எந்த வருடத்துக் கச்சேரி என்று அவன் படித்துச் சொன்னான். அந்த வருடம் நான் தோவாளையில் பூப்பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, இவர் என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது.

இப்போது தினமும் அதைத்தான் போடுகிறேன். சாப்பிடுகிறார். குழாய் போட வேண்டி வரவில்லை, அந்த வரைக்கும் குறை சொல்ல முடியாது. தம்புராவுக்குப் பிறகு நான் கத்தினது அப்படியே வரும், சபையில் எங்கேயோ பின்னால் நின்று கத்தின மாதிரி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதன் பிறகு அந்த அமைதி. அந்த அமைதியில், எனக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாலிபன் மெல்லச் சொல்வது கேட்கிறது. அன்றைக்கு வீட்டில் எனக்கு அது கேட்கவில்லை.

“ஏட்டி பகவதி, சும்மா இரி. இப்பம் முடிஞ்சிரும்.”

யாரும்மா அது என்று மகன் கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது இவர் குரல். நான் கேட்டே இராத வயதுக் குரல், ஆனாலும் இவர்தான்.

பேச்சு போன பிறகு என் பெயரை அவர் சொல்லி நான் கேட்பது அதில்தான். அதுவும் என்னை வாயை மூடச் சொல்லி.