வந்ததற்கு அடித்தேன்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. சிம்மக்கல்லில், வைகைக் கரையை ஒட்டி, நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கடை வாசலில் கிடந்த செவலை நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிவந்து வளர்த்தேன்.

கூப்பிட்டால் அது வர வேண்டும், எனக்கு அதுதான் ஆசை. காய்ந்து கிடந்த ஆற்று மணலில் தினமும் காலையில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டு, "இந்தா, வா!" என்பேன். வந்தால் ஒரு துண்டு கருவாடு. நாலு மாதத்தில் கயிறு தேவைப்படவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவரும். ஊற்றுத் தண்ணீரில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் அது எதிர்வீட்டு பாயின் கோழியைக் கவ்விவிட்டது. தெருவே கூடிவிட்டது. "இம்புட்டு நாளாப் பழக்குன லட்சணம் இதானா?" என்று யாரோ சிரித்தார். நான் "இந்தா, வா!" என்றேன். கோழியைப் போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நேரே என் காலடிக்கு வந்தது. கையிலிருந்த குடையால் அடித்தேன். கம்பி வளையும் வரை அடித்தேன்.

பாய் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "விடுங்க தம்பி, கோழி போனாப் போகுது. கூப்பிட்டதும் வந்துச்சுல்ல? வந்ததுக்கா அடிக்கிறது?"

அதற்குப் பிறகு என் குரல் கேட்டாலே அது நின்றுவிடும். கருவாட்டைக் காட்டினாலும் கிட்டே வராது. மனைவி கூப்பிட்டால் மட்டும் போகும்.

ஐப்பசியில் ஒரு காலை அது மணல்திட்டில் படுத்திருந்தபோது வைகையில் வெள்ளம் வந்துவிட்டது. மேற்கே நல்ல மழை. செந்நிறத் தண்ணீர் திட்டின் இரண்டு பக்கமும் ஏறியது. கரையில் நின்று கத்தினேன். எழுந்து என்னைப் பார்த்தது. பிறகு பின்வாங்கி, ஆழமாக ஓடிய பக்கம் நகர்ந்தது. இன்னொரு தடவை கூப்பிடப் பயந்து வீட்டுக்கு ஓடினேன்.

"ஏங்க, என்னாச்சு?"

"நீ வந்து கூப்பிடு. நான் கூப்பிட்டா வராது."

மாவுக் கையோடு ஓடிவந்தாள். நான் அதன் கண்ணில் படாமல் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் குரல் கேட்டதும் நாய் தண்ணீரில் குதித்தது. வெள்ளம் கொஞ்ச தூரம் இழுத்துப்போனது. எப்படியோ படித்துறையில் ஏறி, அவள் காலடியில் வந்து விழுந்தது.

திருமங்கலத்துக்குப் போயிருந்த பாய் சாயங்காலம் வந்து விசாரித்தார்.

"ஒரே சத்தந்தான் குடுத்தேன் பாய், நீந்தி வந்துருச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லா! அன்னைக்கு உங்களத் தெருவுல வச்சுச் சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நீங்க அடிச்சு வளத்ததுதான் அத இன்னைக்குக் காப்பாத்தியிருக்கு."

என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து நாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை நின்றது. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பரவாயில்ல பாய்" என்றேன் நான், அவரை மன்னித்தவனைப் போல.