நான் சொல்லிக்கொடுத்த பொய்

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். பரமத்தி வேலூர் சாலையில் இருக்கிற எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில், அந்த வாய்க்குப் பயந்தே பெற்றோர்கள் குறை சொல்லத் தலைமை ஆசிரியரிடம் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒடிசாப் பெண் விஷயத்துக்கு மட்டும் தைரியமாக என்னிடமே வந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், அந்த இந்திக்காரப் புள்ளைய எங்க பாப்பா பக்கத்துல உக்கார வெக்காதீங்க. வடக்க இருந்து வந்து கொழந்தைகளத் தூக்கீட்டுப் போறாங்களாமா. வாட்ஸப்புல வந்துச்சுங்க."

"அது ஏழாவது படிக்கிற புள்ள. அது யாரத் தூக்கீட்டுப் போகும்? உங்களையா?" என்று கேட்டு அனுப்பினேன். அவள் பேசுவது இந்தியே இல்லை, ஒடியா என்றும் சொல்லிப் பார்த்தேன். யார் காதில் வாங்கினார்கள்!

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தவள், இப்போது 'வாரேனுங்க டீச்சர்' என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசினாள். கணக்கில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை. அவள் பத்தாவது முடிக்கிறவரை வேறு ஊருக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று அவள் அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன்.

எங்கே பயந்துபோய்க் கிளம்பிவிடுவார்களோ என்கிற பதற்றத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். டவுன் பஸ்ஸில் அம்மாவோடு ஒடியாவில் பேசினாள் என்று எவனோ இரண்டு பேரையும் அதட்டிப் பாதி வழியில் இறக்கிவிட்டிருந்தான். மறுநாள் அழுதுகொண்டு வந்தவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"இங்க பாரு சாமி, வெளிய போனா உங்க பாசையே பேசாத. யாரு கேட்டாலும் இந்த ஊருதான்னு சொல்லு. உங்க ஆளுங்க யாராச்சும் எதுக்க வந்தாக்கூடத் தெரியாத மாதிரி போயிரு."

என்னமோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிப்போக அவள் அப்பா, இரண்டு வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கு எதிர் டீக்கடை ஓரம் நின்றார். குழந்தை அம்மாவைக் கேட்டு வீறிட்டு அழுதிருக்கிறது. "யாரு கொழந்தைடா இது?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அவருக்குத் தமிழே நாலு வார்த்தைதான் வரும், பயத்தில் அதுவும் வரவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு நான் பள்ளி வாசலுக்கு ஓடி வந்தபோது அவள் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு லாரிகள் வழி விடவில்லை. "பாப்பா, இந்த ஆளத் தெரியுமா உனக்கு?" என்று ஒருவன் கேட்டது எனக்கே கேட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"தெரியாதுங்க."

அதற்குப் பிறகு விழுந்த அடியில்தான் அவருக்குப் பல் போனது. "அடப் பாவிகளா, அது அவ அப்பாடா!" என்று கத்திக்கொண்டு நடுவில் போய் விழுந்தேன். கூட்டத்தில் ஒருவன் சட்டையைச் சரிசெய்துகொண்டே, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க டீச்சர்" என்றான். சொல்லிவிட்டுப் போய், வைத்துவிட்டு வந்த டீயை எடுத்துக் குடித்தான்.

மறுநாள் பண்ணைக்குப் போனேன். தகரக் கூரை அறையில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அவள் அப்பாவின் முகமே அடையாளம் தெரியவில்லை. அவளையாவது விட்டுவிட்டுப் போங்கள், என் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லச் சொன்ன பாவி நான்தான், அவள்மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். எங்களுக்கு நடுவில் மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் கேட்ட மன்னிப்பை அவளே தரையைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மெதுவாக அவளிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சாமி சொல்றாரு?"

"நான் பண்ணுனது சரிதானுங்களாம் டீச்சர். தெரியும்னு சொல்லியிருந்தா என்னையும் அடிச்சிருப்பாங்களாமா. இனிப் போற ஊர்லயும் அப்பாவத் தெரியாதுன்னுதான் சொல்லோணுமாங்க."